35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கும்போதே பிரிண்ட் அளவுக்கு ஏற்ப ஃபிரேம் செய்வது எப்படி?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கிறார், 4×6 இன்ச் பிரிண்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, அதே நெகட்டிவை 8×10 போடச் சொன்னால் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவரின் தோள் போய்விடுகிறது, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த போர்ட்ரெய்ட்டில் தலைக்கு மேல் விட்ட இடம் காணாமல் போகிறது. எல்லா அளவுக்கும் பொருந்துகிற மாதிரி எடுக்கும்போதே எப்படி ஃபிரேம் செய்வது, எப்போதும் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டே எடுக்க வேண்டுமா, இல்லை 6×7 கேமராவுக்கு (சுமார் 6×7 செ.மீ. அளவில் பெரிய நெகட்டிவ் தரும் மீடியம் ஃபார்மேட் கேமரா) மாறிவிடுவது நல்லதா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. எந்தத் தாளில் படத்தின் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பது ஒன்று, அது வெறும் கணக்கு, சந்தேகத்துக்கே இடமில்லாமல் சொல்லிவிடலாம். ஒரே படம் எல்லா வடிவத்தையும் தாங்க வேண்டும் என்று நினைத்து எடுக்கலாமா என்பது இன்னொன்று, அது அனுபவமும் ரசனையும் சேர்ந்தது. என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) முன்னால் நின்று என் நெகட்டிவ்களையும் மற்றவர்களுடையதையும் பல வருஷம் பிரிண்ட் போட்டவன் என்ற முறையில் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த குரூப் போட்டோவில் எதுவும் தொலைந்துவிடவில்லை. 8×10 தாளில் வராத தோள் நெகட்டிவில் அப்படியே இருக்கிறது. அதே நெகட்டிவை 8×12 ஆகப் போடச் சொன்னால் அவர் முழுசாக வருவார். 8×10 தான் வேண்டுமென்றால் முழு நெகட்டிவும் வரும்படி, வெள்ளை பார்டரோடு போடச் சொல்லலாம். லேபில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் தாள் முழுக்க நிரம்பும்படி பெரிதாக்கி, மீறுவதை இரண்டு பக்கமும் சமமாக வெட்டிவிடுவார்கள். படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று மெஷின் பார்ப்பதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 35 மி.மீ. நெகட்டிவில் படம் 24×36 மி.மீ., அதாவது நீளப் பக்கம் குட்டைப் பக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு. 4×6, 8×12, 12×18, 20×30 இன்ச் எல்லாமே அதே ஒன்றரை மடங்குதான், இவற்றில் வெட்டு இல்லை. 8×10 ஒன்றேகால் மடங்குதான். அதில் நெகட்டிவின் 24×30 மி.மீ. மட்டுமே இடம்பெறும், நீளப் பக்கத்தில் 6 மி.மீ., ஆறில் ஒரு பங்கு, வெளியே போகும். 16×20-ம் இதேதான். 11×14-ல் ஏறக்குறைய ஐந்தரை மி.மீ. போகும், 5×7-ல் 2.4 மி.மீ. தான், ஏ4 தாளில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சதுரமாகப் போட்டால் 12 மி.மீ., மூன்றில் ஒரு பங்கு. இந்த அளவுகள் எல்லாவற்றிலும் குட்டைப் பக்கத்தின் 24 மி.மீ. முழுசாகத் தப்பிவிடுகிறது, இழப்பு முழுவதும் நீளப் பக்கத்தின் தலையில்தான். படுக்கை வாட்டில் எடுத்தால் இடமும் வலமும் போகும், நிமிர்த்தி எடுத்தால் மேலும் கீழும் போகும். ஒன்றரை மடங்கைவிட நீளமான வடிவம் கேட்டால் மட்டும் இது தலைகீழாகும். உதாரணமாக 16:9 விகிதத்தில் போட்டால் 36 மி.மீ. அப்படியே இருக்கும், உயரத்தில் மூன்றே முக்கால் மி.மீ. போகும்.

இந்தப் பொருத்தமின்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் யார் மேலும் கோபம் வராது. 4×5, 8×10 என்ற அளவுகள் பெரிய தட்டுக் கேமராக்களின் காலத்து அளவுகள். 8×10 நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அப்படியே காண்டாக்ட் பிரிண்ட் எடுத்தார்கள், அதனால் தாளும் 8×10 ஆனது, சட்டங்களும் அப்படியே ஆயின. 24×36 வேறு வழியில் வந்தது. ஜெர்மன் பொறியாளர் ஆஸ்கர் பர்னாக் சினிமா ஃபிலிமின் 18×24 மி.மீ. ஃபிரேமை இரண்டு மடங்காக்கி லைக்கா கேமராவை வடிவமைத்தார், அந்தக் கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. தாளின் அளவை யோசித்து யாரும் 24×36-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. பிற்பாடு இதைச் சரிக்கட்டவும் முயன்றார்கள். 1948-ல் வந்த முதல் நிக்கான் கேமராவின் ஃபிரேம் 24×32 மி.மீ. தான். தாளுக்கு இன்னும் நெருக்கமான வடிவம், ஒரு ரோலில் கூடுதலாகச் சில படங்களும் கிடைக்கும், ஆனால் அது நிலைக்கவில்லை, நிக்கானும் கடைசியில் 24×36-க்கே வந்தது. 1996-ல் ஏ.பி.எஸ். என்ற புதுவகை ஃபிலிம் வந்தபோது கேமராவிலேயே மூன்று வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதிலும் ஃபிலிமில் பதிவானது எப்போதும் முழு ஃபிரேம்தான், எந்த வடிவில் பிரிண்ட் போட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கூடவே பதிவாகும். நீங்கள் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அதேதான், குறிப்பு ஃபிலிமில் இல்லாமல் உங்கள் மனதிலும் நோட்டிலும் இருக்கப்போகிறது.

இப்போது ஃபிரேமிங். "எப்போதும் சுற்றிலும் இடம் விடு" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. மேலே சொன்ன கணக்குப்படி இழப்பு சுற்றிலும் வருவதில்லை, ஒரே திசையில்தான் வருகிறது. அப்படியிருக்க நான்கு பக்கமும் இடம் விட்டால், தேவையில்லாத இரண்டு பக்கத்திலும் ஃபிலிமை வீணாக்குகிறோம். 35 மி.மீ. நெகட்டிவ் ஏற்கெனவே சின்னது. 8×10-க்கு அதை சுமார் எட்டரை மடங்கு பெரிதாக்குகிறோம். மேலும் கீழும் வீணாக விட்ட இடத்தை அப்புறம் வெட்டினால் இன்னும் அதிகமாகப் பெரிதாக்க வேண்டும், கிரெயின் (படத்தில் தெரியும் ஃபிலிமின் துகள்) கூடும், கூர்மை குறையும். ஆகவே ஷட்டரை அழுத்தும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் படத்தில் என் பொருள் ஃபிரேமின் எந்தப் பக்கத்தை நிரப்புகிறது?

பொருள் குட்டைப் பக்கத்தை நிரப்பினால் நீங்கள் ஒரு அடிகூடப் பின்னால் போக வேண்டாம். படுக்கை வாட்டு ஃபிரேமில் ஒருவர் இடுப்பு வரை தெரிய நிற்கிறார், தலை மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பு கீழ் விளிம்பில், இரண்டு பக்கமும் வெறும் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 8×10 போடுங்கள், 11×14 போடுங்கள், சதுரமாகக்கூடப் போடுங்கள், அவருக்கு ஒன்றும் ஆகாது, சுவர்தான் குறையும். இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு பக்கத்துச் சுவரிலும் முக்கியமான எதையும் வைக்காமல் இருப்பது மட்டும்தான்.

பொருள் நீளப் பக்கத்தை நிரப்பும்போதுதான் சிக்கல், குரூப் போட்டோ அதற்குச் சரியான உதாரணம். 50 மி.மீ. லென்ஸோடு 5 மீட்டர் தூரத்தில் நின்றால் ஃபிரேமுக்குள் சுமார் 3.6 மீட்டர் அகலம் விழும். தோளோடு தோள் நெருங்கி நிற்கும் எட்டுப் பேர், ஆளுக்கு 45 செ.மீ. என்று வைத்தால், அந்த அகலத்தை விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பிவிடுவார்கள். 4×6-ல் எட்டுப் பேரும் இருப்பார்கள். 8×10-ல் தெரியும் அகலம் 3 மீட்டர்தான், பக்கத்துக்கு 30 செ.மீ. போகிறது, அதாவது ஓரத்து ஆள் ஒவ்வொருவரிலும் மூன்றில் இரண்டு பங்கு. இதற்குத் தீர்வு தூரத்தை 1.2 ஆல் பெருக்குவது, 5 மீட்டரில் நின்றவர் 6 மீட்டருக்குப் போக வேண்டும். அங்கிருந்து எடுத்தால் 8×10-க்குள் அதே 3.6 மீட்டர் அடங்கும். நடைமுறையில் ஓரத்து ஆளுக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும், அதனால் நான் அதற்கும் மேல் இன்னும் ஒரு எட்டு பின்னால் போவேன். பின்னால் போக இடமில்லையா, ஆட்களை இரண்டு வரிசையாக நிறுத்துங்கள். நாலு பேர் உட்கார்ந்து நாலு பேர் பின்னால் நின்றால் அந்தக் கூட்டத்தின் வடிவமே ஒன்றேகால் மடங்குக்கு நெருங்கிவிடும், முகங்களும் தாளில் பெரிதாக வரும். லென்ஸை மாற்றுவதைவிடவும் பின்னால் நகர்வதைவிடவும் இதைத்தான் நான் அதிகம் விரும்புவேன், ஏனென்றால் எட்டுப் பேர் ஒரே வரிசையில் நிற்கும் படத்தில் மேலே வானமும் கீழே தரையும்தான் தாளில் பாதியை எடுத்துக்கொள்ளும்.

நிமிர்த்தி எடுக்கும் போர்ட்ரெய்ட்டில் 6 மி.மீ. மேலும் கீழுமாகப் போகும். இதில் நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது அந்த ஆறையும் யார் கொடுப்பது என்பது. தலைக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று லேப் சமமாக வெட்டும். இருட்டறையில் நீங்களே போடுவதாக இருந்தால் ஆறையும் கீழிருந்தே எடுக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் படம் பிழைக்க வேண்டும் என்றால் வெட்டுக்கோடு உடம்பில் எங்கே விழும் என்று பாருங்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் போன்ற மூட்டுகளில் விழுந்தால் கை கால் ஒடிந்த மாதிரி கண்ணை உறுத்தும். தொடையின் நடுவிலோ மேல்கையின் நடுவிலோ விழுந்தால் உறுத்தாது. அதேபோல மடியில் கோத்து வைத்த கைகள் ஃபிரேமின் கீழ் விளிம்பை ஒட்டி இருந்தால் 8×10-ல் விரல்கள் போய்விடும், ஒன்று கைகளை மேலே கொண்டுவாருங்கள், இல்லை அவற்றுக்குக் கீழே தாராளமாக இடம் கொடுங்கள். நிற்கிற ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுப்பதென்றால் குரூப் போட்டோவின் அதே 1.2 மடங்கு விதிதான்.

பக்கவாட்டில் பார்க்கும் முகம், நடந்து போகும் ஆள் இவற்றில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆள் ஃபிரேமின் இடது மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் நின்று வலப்பக்கம் பார்க்கிறார் என்றால் அவர் இடது விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருக்கிறார். இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் அவர் 30 மி.மீ. அகலத்தில் 9 மி.மீ. தள்ளி இருப்பார், ஏறக்குறைய அதே இடம்தான், படத்தின் தொனி மாறாது. வலப்பக்கத்திலிருந்து மட்டும் ஆறையும் எடுத்தால் 30-ல் 12, கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடுவார், பார்வைக்கு முன்னால் இருந்த வெளி சுருங்கிவிடும். இந்த மாதிரிப் படங்களில் சமமாக வெட்டுவது பெரும்பாலும் தப்பில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் தொந்தரவான ஏதாவது இருந்தால் அந்தப் பக்கமே முழுசையும் எடுத்துவிடுவேன்.

இவ்வளவு சொன்னபிறகும், ஒன்றரை மடங்கு வடிவத்துக்காகவே பிறந்த படங்கள் உண்டு. ஒரு ஓரத்தில் ஒருவர், எதிர் ஓரத்தில் இன்னொருவர், நடுவில் வெற்றிடம், அந்த வெற்றிடம்தான் படமே. இதை 8×10-க்குள் அடைத்தால் வேறு படம் ஆகிவிடும். அடிவானம் நீண்டு கிடக்கும் நிலக்காட்சியும் பல நேரம் அப்படித்தான். இவற்றை எடுக்கும்போது 8×10-ஐ நினைக்கவே நினைக்காதீர்கள் என்பேன். ஃபிரேமை விளிம்பு வரை பயன்படுத்துங்கள், பிரிண்டில் பார்டர் விடுங்கள். 8×10 தாளில் 6×9 இன்ச் படம் போட்டால் நீளப் பக்கங்களில் ஒரு இன்ச், மற்ற இரண்டில் அரை இன்ச் வெள்ளை இருக்கும், கையில் பிடித்துப் பார்க்க அழகாகவே இருக்கும். சுவரில் மாட்டுவதென்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது: 6×9 படத்தை 11×14 சட்டத்தில் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் ஜன்னல் வெட்டிய அட்டை) வெட்டி வைத்தால் நான்கு பக்கமும் சரியாக இரண்டரை இன்ச் வரும், 8×12 படத்தை 12×16 சட்டத்தில் வைத்தால் நான்கு பக்கமும் இரண்டு இன்ச், 16×20-ல் வைத்தால் நான்கு இன்ச். இந்தச் சமமான ஓரங்கள் 35 மி.மீ. வடிவத்துக்குத் தானாகவே அமைகின்றன, பலரும் இதைக் கவனிப்பதில்லை. சட்டம் எந்த வடிவமாக இருந்தாலும் படம் அதன் சொந்த வடிவத்தில் இருக்கலாம்.

வெட்டவே கூடாது என்று ஒரு தரப்பு சொல்லும், அதையும் தொட்டுவிடுகிறேன். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் நெகட்டிவை முழுசாகவே பிரிண்ட் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். ஆனால் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் 1932-ல் அவர் எடுத்த, தண்ணீர் மேல் ஒருவர் தாவும் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்டதுதான், வேலியின் இடைவெளி வழியாக எடுத்ததால் வேறு வழி இல்லை. இன்னொரு பக்கம் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆர்னல்ட் நியூமன் 1946-ல் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் போர்ட்ரெய்ட், பியானோவின் மூடி பிரம்மாண்டமாக எழுந்து நிற்கும் படம், நெகட்டிவில் இருந்ததை நிறைய வெட்டி உருவானது, அந்த வெட்டில்தான் அதன் பலமே இருக்கிறது. இரண்டு வழியிலும் பெரிய படங்கள் வந்திருக்கின்றன, எனவே இதில் சரி தப்பு என்று எதுவும் இல்லை. என் விருப்பம், வெட்டும் முடிவை எடுக்கும்போதே எடுத்துவிடுவது. லேபில் யாரோ எடுக்கும் முடிவாக அது ஆகிவிடக்கூடாது.

சரி, வெட்டுக்கோடு எங்கே விழும் என்று வியூஃபைண்டரில் எப்படிப் பார்ப்பது? இங்கே ஒவ்வொரு கேமராவும் வேறு மாதிரி, உங்களுடையது எது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். நிக்கான் எஃப், எஃப்3 போன்ற தொழில்முறை எஸ்.எல்.ஆர்.களில் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமராக்கள்) வியூஃபைண்டர் முழு ஃபிரேமையும் காட்டும். மற்ற பல எஸ்.எல்.ஆர்.கள் அதைவிடக் குறைவாகவே காட்டும், நிக்கான் எஃப்எம்2 காட்டுவது சுமார் 93 சதவீதம். அதாவது நீங்கள் விளிம்பு என்று நினைப்பதற்கு வெளியேயும் நெகட்டிவில் கொஞ்சம் இருக்கிறது, நீளப் பக்கத்தில் பக்கத்துக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். 8×10 வெட்டில் பக்கத்துக்குப் போகும் 3 மி.மீ.யில் ஒரு பகுதியை இதுவே ஈடுகட்டிவிடும். எஃப்எம்2, எஃப்3 இரண்டிலும் வியூஃபைண்டர் ஸ்க்ரீனின் நடுவில் 12 மி.மீ. விட்டத்தில் ஒரு வளையம் இருக்கிறது, ஒளி அளக்கும் பகுதியைக் காட்டுவதற்கானது. அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 8×10 வெட்டுக்கோடு நடுவிலிருந்து 15 மி.மீ. தூரத்தில் விழும், அதாவது வளையத்தின் விளிம்பிலிருந்து இன்னும் முக்கால் வளைய அகலம் தள்ளி. இரண்டு பக்கமும் அந்தக் கற்பனைக் கோட்டைப் பார்க்கப் பழகிவிட்டால் வேறு எதுவும் தேவைப்படாது. வேறு கேமராவில் வளையத்தின் அளவு வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். ஸ்க்ரீனில் பென்சிலால் கோடு போடச் சிலர் சொல்வார்கள், அது மிக எளிதில் கீறல் விழும் பரப்பு, வேண்டாம்.

உங்கள் கேமராவை நீங்களே சோதித்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. ஃபிலிம் இல்லாமல் கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் வந்து உட்காரும் சட்டத்தின் மேல் பால் நிற ஒளிபுகும் டேப்பையோ டிரேசிங் தாளையோ ஒட்டுங்கள், ஷட்டர் திரையில் விரல் படாமல் கவனமாக. ட்ரைபாடில் வைத்து, ஷட்டரை பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து பிடித்து, லென்ஸின் துளையை முழுசாகத் திறந்தால் நெகட்டிவில் என்ன விழும் என்று அந்தத் தாளில் தலைகீழாகத் தெரியும். தாளில் 24×30 மி.மீ. செவ்வகம் ஒன்று வரைந்துவிட்டு, எதிர்ச் சுவரில் அது எங்கே முடிகிறதோ அங்கே ஒரு அடையாளம் வையுங்கள், பிறகு அதே அடையாளம் வியூஃபைண்டரில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தடவை செய்தால் போதும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இது இவ்வளவு துல்லியமாக வராது. அங்கே வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, அதோடு லைக்கா எம்6 போன்றவற்றில் ஃபிரேம் கோடுகள் மிக அருகில் ஃபோகஸ் செய்யும் தூரத்துக்கு ஏற்ப அளவிடப்பட்டவை, தொலைவில் இருப்பதை எடுக்கும்போது கோட்டுக்கு வெளியே இருப்பதும் நெகட்டிவில் நன்றாகவே விழும். எனவே தொலைவான காட்சிகளில் ரேஞ்ச்ஃபைண்டர்காரர்களுக்கு 8×10 வெட்டு அவ்வளவு பயமில்லை, அருகில் எடுக்கும்போதுதான் எச்சரிக்கை வேண்டும்.

விகிதம் பொருந்தினாலும் விளிம்பில் இன்னும் சில சின்ன இழப்புகள் உண்டு. என்லார்ஜரில் நெகட்டிவைப் பிடித்துவைக்கும் கேரியரின் துளை பெரும்பாலும் ஃபிரேமைவிட ஒரு நூல் சின்னது, அதனால்தான் முழு ஃபிரேம் வேண்டுமென்பவர்கள் கேரியரின் துளையை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குவார்கள். லேபின் 4×6 பிரிண்டிலும் வெள்ளைக் கீற்று தெரியாமல் இருக்கக் கொஞ்சம் கூடவே பெரிதாக்கி ஓரத்தைத் தின்பார்கள், எவ்வளவு என்பது லேபுக்கு லேப் மாறும். சட்டத்தின் உதடும் மவுண்ட் போர்டின் ஜன்னலும் பக்கத்துக்குக் கால் இன்ச் வரை மறைக்கும். கேன்வாஸில் போட்டு மரச்சட்டத்தில் மடித்து இழுப்பதென்றால் ஓரங்கள் பக்கவாட்டுக்கே போய்விடும், அங்கே மட்டும் நான்கு பக்கமும் நிஜமாகவே தாராளமாக இடம் வேண்டும். இதோடு சாய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிவானம் 2 டிகிரி சாய்ந்த படத்தை நேராக்கி அதே வடிவத்தில் வெட்டினால் நீளம், அகலம் இரண்டிலும் சுமார் 5 சதவீதம் போய்விடும். கையில் பிடித்து அவசரமாக எடுக்கும் படங்களில் இந்தச் சாய்வு சாதாரணம். ஆகவே முக்கியமான எதையும், யாருடைய கைவிரலையும் காலணியையும், விளிம்பைத் தொடும்படி வைக்காதீர்கள். இந்த ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. எச்சரிக்கை எந்த வடிவத்துக்கும் பொருந்தும், நான் மேலே மறுத்த அறிவுரை இது அல்ல.

திரும்ப எடுக்கவே முடியாத நிகழ்ச்சி, எந்த அளவில் கேட்பார்கள் என்றும் தெரியாது என்றால், ஒரே ஃபிரேமில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காமல் இரண்டு ஃபிரேம் செலவழியுங்கள். ஒன்று விளிம்பு வரை இறுக்கமாக, ஆல்பத்துக்கு. இன்னொன்று தூரத்தை 1.2 மடங்காக்கி, 8×10-க்கு. 36 படம் உள்ள ரோலில் எல்லாப் படத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம், பெரிதாக்கக் கேட்பார்கள் என்று தெரிந்த நாலைந்து படங்களுக்குப் போதும். எடுத்தபின் காண்டாக்ட் ஷீட்டில் (ரோலின் எல்லாப் படமும் நெகட்டிவ் அளவிலேயே வரும் ஒரே தாள்) கிரீஸ் பென்சிலால் வெட்டுக்கோட்டைப் போட்டு வையுங்கள். லேபுக்குக் கொடுப்பதென்றால் ஸ்கேனை நீங்களே 5:4 விகிதத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டால் அவர்கள் வெட்ட எதுவும் மிச்சமிருக்காது. நெகட்டிவாகவே கொடுத்தால் "முழு ஃபிரேம், பார்டரோடு" என்றோ "வலப்பக்கத்திலிருந்து மட்டும் வெட்டவும்" என்றோ கவர் மேல் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக 6×7. அதன் படம் ஏறக்குறைய 56×70 மி.மீ., ஒன்றேகால் மடங்கு, 8×10-க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நெகட்டிவின் பரப்பும் 35 மி.மீ.யைப் போல நாலரை மடங்கு, 8×10-க்கு மூன்றரை மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக்கினாலே போதும். ஆனால் மீடியம் ஃபார்மேட் என்றாலே பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 6×9-ம் ஒன்றரை மடங்குதான், 35 மி.மீ.யில் இருக்கும் அதே வெட்டு அதிலும் இருக்கும். 6×4.5 இரண்டுக்கும் நடுவில், 8×10-ல் சுமார் 7 சதவீதம்தான் போகும். 6×6 சதுரத்தில் எடுத்துவிட்டு நிமிர்ந்த படமா படுத்த படமா என்று அப்புறம் முடிவு செய்யலாம், 8×10-க்கு அதில் ஐந்தில் நாலு பங்கு பயன்படும். 6×7-ஐ 4×6 ஆல்பத்துக்குப் போட்டால் இப்போது குட்டைப் பக்கத்தில் அதே ஆறில் ஒரு பங்கு போகும், வெட்டு திசை மாறியிருக்கும், அவ்வளவுதான். மீடியம் ஃபார்மேட்டுக்கான 120 ஃபிலிம் ரோலில் 6×7-க்குப் பத்துப் படம்தான், மாமியா ஆர்பி67 மாதிரியான கேமராவை ட்ரைபாட் இல்லாமல் நாள் முழுக்கத் தூக்குவதும் கஷ்டம். நீங்கள் எடுப்பதில் பெரும்பகுதி உட்காரவைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட், அதுவும் 8×10-க்கும் 16×20-க்கும் போவதென்றால் மாறுங்கள், தயங்கவே வேண்டாம். குடும்ப நிகழ்ச்சிகளும் பயணமும்தான் அதிகம், பெரிய பிரிண்ட் எப்போதாவது ஒன்று என்றால் 35 மி.மீ.யிலேயே இருங்கள், பெரிய பிரிண்டை மட்டும் 8×12 ஆகக் கேளுங்கள்.